பாயம்மாவின் எடை

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டோரமாக மாவு மில் வைத்திருந்த ஹபீபுன்னிசாவுக்குத் தன் எடை எவ்வளவு என்று அறுபது வயது வரைக்கும் தெரியாது. யார் வீட்டு மிளகாய் எத்தனை கிலோ, யார் வீட்டுக் கேழ்வரகு இன்னும் ஈரமாக இருக்கிறது என்பதையெல்லாம் பையைக் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவாள். தன்னை நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் ஒருநாளும் தோன்றியதில்லை.

நல்ல அகலமான உடம்பு அவளுக்கு. தோளும் முழங்கையும் ஆம்பிளைக்கு இருப்பதுபோல இருக்கும். புருஷன் கரீம் காமாலையில் போனபோது மகன் அன்வர் பாஷா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். மில்லை விற்றுவிடு, பொம்பளையால் ஆகாது என்று சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து சொன்னார்கள். அவள் எல்லோருக்கும் டீ கொடுத்து அனுப்பினாள். புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா நாட்கள் முடிந்த மறுநாள் காலையில் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய் மில் கதவைத் திறந்தாள். மோட்டாரைப் பழகினாள், பெல்ட் மாட்டப் பழகினாள், தேய்ந்த அரவைக் கல்லைக் கழற்றிக் கொத்தவும் பழகினாள். அவலூர்பேட்டையிலிருந்து வருகிற மூட்டையை வண்டியிலிருந்து இறக்க ஆள் இல்லாவிட்டால் அவளே இறக்கிவிடுவாள். ‘மில்லு பாயம்மா’ என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. தன் உடம்பைப் பற்றி அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. மகனைப் படிக்க வைத்து, அரபு நாட்டுக்கு அனுப்பி வைத்த உடம்பு இது என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த அன்வர்தான் எண்பத்தைந்தாம் வருஷம் தம்மாமிலிருந்து லீவில் வந்தபோது எடை பார்க்கும் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தான். தரையில் வைத்து மேலே ஏறி நின்றால் கண்ணாடிக்குள் முள் சுற்றும். தெருவே மில்லுக்கு வந்து ஏறி இறங்கியது. கடைசியில் அம்மாவை ஏற்றினான். முள் அறுபத்து நாலில் நின்றது.

அன்வர் தன் கம்பெனி கிளினிக்கில் கொடுத்த ஒரு அட்டவணையை விரித்துப் பார்த்தான். அம்மாவின் உயரத்துக்கு அதில் நாற்பத்தெட்டு என்று போட்டிருந்தது.

“அம்மா, உனக்குப் பதினாறு கிலோ ஜாஸ்தி இருக்குது.”

“இருந்தா இன்னாடா? உன்னையா என்னைத் தூக்கச் சொன்னேன்?”

“சிரிக்காதம்மா. என்கூட ரூம்ல இருந்தவரு நல்ல குண்டு. போன மாசம் வேலை செஞ்சிக்கினு இருக்கும்போதே நெஞ்சப் புடிச்சினு உக்காந்தாரு. அவ்ளோதான். நான் அத்தனை தூரத்துல இருக்கறேன். உனக்கு ஒண்ணுன்னா மண்ணு போடக்கூட வந்து சேர முடியாது.”

மில்லில் மாவு சலித்துக்கொண்டிருந்த அருளம்மாளைக் கை காட்டினான். “அருளு சின்னம்மாவைப் பாரு. உன்னைவிட நாலு வயசுதான் கம்மி. எப்படிச் சிட்டாட்டம் இருக்காங்க!”

அருளம்மாள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். மேல்மலையனூர் ரோட்டில் ஒரு கிராமத்துக்காரி அவள். புருஷன் லூர்துநாதன் இறந்தபிறகு இந்த மில்லில் வேலைக்குச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. மெலிந்த உடம்பு. வேகமாக நடப்பாள், கொஞ்சமாகச் சாப்பிடுவாள். வருகிறவர்கள் எல்லாம் அவளைப் பார்த்து, இந்த வயசுக்கு உடம்பை எப்படி வைத்திருக்கிறாள் என்று மெச்சுவார்கள்.

பிள்ளை ஊருக்குக் கிளம்பும்போது ஹபீபுன்னிசா வாக்குக் கொடுத்தாள். அடுத்த லீவுக்குள் நாற்பத்தெட்டு.

அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. காலையில் சர்க்கரை போடாத டீ, மத்தியானம் ஒரு பிடி சோறும் ரசமும், சாயங்காலம் பாதி ரொட்டி. கறி, மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தினாள். முள் இறங்க ஆரம்பித்தது. அறுபது ஆயிற்று, ஐம்பத்தெட்டு ஆயிற்று. ரவிக்கை தொளதொளத்தது. “பாயம்மா, பொண்ணு மாதிரி ஆயிட்டியே” என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவளுக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கீழே உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. ஒரு டின் கேழ்வரகைத் தூக்கி மேல்தொட்டியில் கொட்டுவதற்குள் மூச்சு இரைத்தது. மூட்டை இறக்க ஆளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. மெலிந்தால் உடம்பு லேசாகும் என்றார்களே, எனக்கு மட்டும் ஏன் கனத்துப்போகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. யாரிடமும் கேட்கவும் வெட்கம்.

அமாவாசைக்கு முதல் நாள் மில்லில் கூட்டம் நெருக்கியது. கோயிலுக்குப் போகிறவர்கள் பொங்கலுக்கும் மாவிளக்குக்கும் அரைக்க வந்து வரிசையில் நின்றிருந்தார்கள். ஹபீபுன்னிசா பச்சரிசி டின்னைத் தோள் உயரத்துக்குத் தூக்கினாள். கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக ஏதோ படர்ந்தது. டின் கையை விட்டு நழுவியது. ஓடுகிற பெல்ட் பக்கமாக அவள் சாய்ந்தாள்.

அருளம்மாள் ஒரே பாய்ச்சலாகப் போய் சுவிட்சை இழுத்தாள். மோட்டார் முனகி நிற்பதற்குள் ஹபீபுன்னிசாவின் முந்தானையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துவிட்டாள். இரண்டு பேரும் கொட்டிய அரிசியின் மேல் விழுந்தார்கள். ஹபீபுன்னிசாவின் நெற்றி கிழிந்து ரத்தம் வழிந்தது. மில்லில் நின்றவர்கள் தூக்கி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அருளம்மாளும் கூடவே ஓடினாள். இரைப்பு அடங்காமல் வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ரஞ்சிதம் என்று ஒரு டாக்டர் புதிதாக வந்திருந்தார். முப்பது வயதிருக்கும். நெற்றியில் தையல் போட்டு முடித்தவர் நாடி பிடித்துக்கொண்டே கேட்டார்.

“காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?”

“டீ.”

“நேத்து ராத்திரி?”

“பாதி ரொட்டி.”

“வீட்டுல கஷ்டமா?”

ஹபீபுன்னிசாவுக்குச் சுரீரென்றது. “கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டரம்மா. சொந்தமா மில்லு வச்சிருக்கறேன். எடை ஜாஸ்தின்னு என் புள்ள சொன்னான். கொறைச்சிக்கினு இருக்கறேன்.” அட்டவணை, அறுபத்து நாலு, நாற்பத்தெட்டு, வாக்கு, எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. அவளைச் சுவரில் முதுகு ஒட்ட நிற்கவைத்து உயரம் எடுத்தார். எடை மெஷினில் ஏற்றினார். உயரம் நூற்று ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர், எடை ஐம்பத்தைந்து கிலோ. ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டபடியே பேசினார்.

“எடையை மட்டும் பார்த்தா ஒண்ணும் தெரியாதும்மா. உயரத்தோட சேர்த்துப் பார்க்கணும். உயரத்தை மீட்டர்ல எழுதி, அதை அதாலயே பெருக்கி, வர்ற எண்ணால எடையை வகுக்கணும். உங்களுக்கு முன்னாடி கிட்டத்தட்ட இருபத்தெட்டு. இப்ப இருபத்தி நாலு.”

கணக்கு என்றதும் ஹபீபுன்னிசாவுக்குத் தலைசுற்றல் மறந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தாள். “எதுக்கு அதை அதாலயே பெருக்கணும்?”

டாக்டர் யோசித்தார். “உங்க மில்லுல ரெண்டு மூட்டை இருக்குன்னு வைங்க. ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. ரெண்டுலயும் ஐம்பது கிலோ அரிசி. எது பிதுங்கி நிக்கும்?”

“குட்டை மூட்டைதான். நெட்டை மூட்டை தொளதொளன்னு கெடக்கும்.”

“அதான். எடை ஒண்ணுதான், ஆனா நிலைமை வேற. நெட்டையா இருந்தா அகலமும் சேர்ந்துதானே கூடும்? அதுக்குத்தான் பெருக்கறது.”

அவளுக்கு அது சட்டென்று பிடிபட்டது. இத்தனை வருஷமாகத் தினம் பார்க்கிற சங்கதி. “சரி, அப்ப இருபத்தெட்டு தப்பா?”

“சின்னப் பொண்ணா இருந்தா கொறைங்கன்னு சொல்லியிருப்பேன். உங்க புள்ள கொண்டுவந்த அட்டவணை வேலைக்குச் சேர்ற வாலிபப் பசங்களுக்குப் போட்டது. அறுபது வயசுப் பொம்பளைக்கு அளவு வேற. இந்த வயசுல கொஞ்சம் சதை கூட இருந்தா தப்பில்லை. காய்ச்சல் வந்தாலும் கீழ விழுந்தாலும் தாங்கும். இருபத்தஞ்சு, இருபத்தாறுல நீங்க நல்லா இருக்கலாம்.”

“இப்ப இருபத்தி நாலு, அது நல்ல எண்ணுதானே? பின்ன ஏன் விழுந்தேன்?”

“எண்ணு நல்லதுதான். வந்த வழிதான் சரியில்லை. பட்டினி கிடந்தீங்க, பருப்பு முட்டையை நிறுத்தினீங்க. கொழுப்போட சேர்ந்து தசையும் கரைஞ்சிடுச்சு. எங்க, கையை ஊனாம இந்த பெஞ்சுல இருந்து எழுந்திருங்க.”

ஹபீபுன்னிசா எழப் பார்த்தாள். தொடை நடுங்கியது. திரும்பவும் உட்கார்ந்துவிட்டாள். மூட்டை இறக்கிய உடம்பு. அவள் கண் கலங்கியது.

“திரும்பி வந்துடும்மா,” என்றார் டாக்டர். “நல்லா சாப்பிடுங்க, வேலையை விடாம செய்ங்க. சர்க்கரை வியாதி இல்லை. பிரஷர் கொஞ்சம் இருக்கு, உப்பைக் கொறைங்க. வயித்துப் பக்கம் மட்டும் ஏறாம பார்த்துக்குங்க.” சொல்லிக்கொண்டே அவர் பார்வை வாசல் பக்கம் போனது. அங்கே அருளம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள்.

“அந்தம்மா யாரு?”

“என் கூட வேலை செய்றா. தங்கச்சி மாதிரி. அவளுக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா, சிட்டாட்டம் இருப்பா. என் புள்ளையே அவளைப் பார்த்துக் கத்துக்கன்னு சொல்லுவான்.”

“அவங்களையும் ஏத்திப் பார்க்கலாம்.”

அருளம்மாள் வேண்டாம் வேண்டாம் என்றாள். டாக்டர் விடவில்லை. உயரம் ஒன்றரை மீட்டர், எடை முப்பத்தாறு. ஹபீபுன்னிசா மனதுக்குள்ளேயே பெருக்கி வகுத்தாள். ஒன்றரை ஒன்றரை இரண்டேகால். முப்பத்தாறை இரண்டேகாலால் வகுத்தால்...

“பதினாறு,” என்றாள். டாக்டர் காகிதத்திலிருந்து நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார்.

“பதினாறு நல்லதா, கெட்டதா?”

“இருபதுக்குக் கீழ வந்தாலே இந்த வயசுல கவனிக்கணும். பதினாறு ரொம்பக் கொறைச்சல்.” டாக்டர் அருளம்மாளின் பக்கம் திரும்பினார். “எத்தனை நாளா இருமல்?”

அருளம்மாள் மழுப்பினாள். மாவுத் தூசு என்றாள், பனி என்றாள். கடைசியில், மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முன்னாலிருந்தே இருக்கிறது, சாயங்காலமானால் உடம்பு காய்கிறது, சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று ஒவ்வொன்றாக வந்தது. சளியை எடுத்துச் சோதித்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். காசநோய்.

மெச்சியவர்கள் எல்லோரும் நோயைத்தான் மெச்சியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் தனக்குத் தெரியவில்லையே என்று ஹபீபுன்னிசாவுக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் அருளம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“இனிமே என்னை மில்லுல சேத்துப்பியாக்கா? ஊருல தெரிஞ்சா தண்ணி கூட குடுக்க மாட்டாங்க.”

“பெல்ட்டுல மாட்ட இருந்தவளை இழுத்துப் போட்டியே, உன்னை விட்டுட்டு வேற யாரை சேத்துப்பேன்? டாக்டரம்மா சரின்னு சொல்ற வரைக்கும் வீட்டுல இரு. மாத்திரையை முழுங்கு. சாப்பாடு என் பொறுப்பு.”

சொன்னபடியே செய்தாள். அருளம்மாளின் ஊருக்குக் காலை பஸ்ஸில் தூக்குவாளி போகும். அவித்த முட்டை, வேர்க்கடலை உருண்டை, பருப்புப் போட்டுக் குழைந்த சோறு. அதே சாப்பாட்டை அவளும் சாப்பிட்டாள். உடம்பில் உரம் ஏற ஏற முதலில் காலி டின், பிறகு பாதி டின், பிறகு நிறைந்த டின் என்று தூக்கிப் பழகினாள். ஒருநாள் காலையில் பாயிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்துவிட்டாள். எழுந்தபிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது. மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்து பார்த்துக்கொண்டாள்.

இருமல் நின்றதும் அருளம்மாள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். சிறுநீர் சிவப்பாகப் போகிறது, இனி எதற்கு என்று தன் மருமகளிடம் சொல்லியிருக்கிறாள். செய்தி தெரிந்ததும் ஹபீபுன்னிசா மில்லைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினாள். அருளம்மாள் வீட்டு வாசலில் நின்றபடியே கேட்டாள்.

“மோட்டார் சூடாகி நின்னுடுச்சின்னா, சத்தம் நின்னதும் சரியாயிடுச்சின்னு அர்த்தமாடி?”

“இல்லக்கா...”

“இருமல் நின்னா நோய் நின்னுடுச்சின்னு உனக்கு எவன் சொன்னான்? செவப்பா போறது மாத்திரையோட சாயம். பயப்படாதீங்கன்னு டாக்டரம்மா முன்னாடியே சொன்னாங்களே. தண்ணி கொண்டாம்மா,” என்று மருமகளை அதட்டினாள். ஹபீபுன்னிசாவின் எதிரிலேயே அருளம்மாள் மாத்திரையை விழுங்கினாள். அதன்பிறகு ஒருநாளும் தவறவில்லை.

நோய் தொற்றாது என்று டாக்டர் சொன்னதும் அருளம்மாள் மில்லுக்குத் திரும்பினாள். வருகிறவர்கள் எல்லோருக்கும் எதிரிலேயே, அவள் குடித்த சொம்பில் ஹபீபுன்னிசா தண்ணீர் மொண்டு குடித்தாள். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. மருந்து முடியும்போது அருளம்மாள் நாற்பத்து மூன்று கிலோ. “பத்தொம்பது வந்துட்டே, இன்னும் கொஞ்சம்” என்று ஹபீபுன்னிசா கடலை உருண்டையை நீட்டுவாள். கன்னத்தில் சதை வைத்த அருளம்மாளை உறவுக்காரர்கள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துத்தான் அடையாளம் கண்டார்கள்.

ஒருநாள் டாக்டர் ரஞ்சிதம் சீயக்காய் அரைக்க மில்லுக்கே வந்தார். பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்தபடி சொன்னார்.

“உங்க வயசுப் பொம்பளைங்க ஆஸ்பத்திரிக்குப் பேரப் பிள்ளையைத் தூக்கிட்டு வருவாங்க, மருமகளைக் கூட்டிட்டு வருவாங்க. தனக்குன்னு வரமாட்டாங்க. இங்க மட்டும் எப்படிம்மா இத்தனை பேர்?”

“இங்க மாவு அரைக்கத்தானே வராங்க. ஒடம்பைக் காட்டவா வராங்க?”

சொன்னதும் அவளுக்கே ஒரு யோசனை தட்டியது. “வெள்ளிக்கெழம மில்லு லீவு. நீங்க வரீங்களா? ஆளைக் கூட்டறது என் பொறுப்பு.”

அடுத்த இரண்டு வாரம் மாவு அரைக்க வந்த ஒவ்வொருத்தியிடமும் ஹபீபுன்னிசா சொல்லி அனுப்பினாள். ஐம்பது தாண்டியவர்கள் வரணும், வீட்டில் இருக்கிற மாமியாரையும் கூட்டிவரணும். வியாழக்கிழமை சாயங்காலம் அருளம்மாளும் அவளுமாக மில்லைக் கழுவினார்கள். தையல்காரரிடம் டேப் வாங்கி வந்து சுவரில் சாக்பீஸால் உயரக்கோடு போட்டார்கள். நிறைய பேர் முதுகு வளைந்து முன்னைவிடக் குள்ளமாகியிருப்பார்கள், சொல்கிற உயரத்தை நம்பாமல் நிற்கவைத்துத்தான் அளக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்வர் கொண்டுவந்த மெஷினின் மேல் படிக்கல்லை வைத்து, முள் சரியாக நிற்கிறதா என்று ஹபீபுன்னிசா சோதித்துக்கொண்டாள்.

அந்தச் சமயம் அன்வரும் லீவில் வந்திருந்தான். நடந்ததைக் கேட்டபிறகு நாற்பத்தெட்டு என்ற பேச்சையே அவன் எடுக்கவில்லை. ஆம்பிளைகள் உள்ளே வரக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால் ஜும்மா தொழுகை முடிந்து வந்து வாசலிலேயே நின்றான். பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். முக்காடு போட்டவர்கள், பூ வைத்தவர்கள், கழுத்தில் ஜெபமாலை போட்டவர்கள், களையெடுப்பிலிருந்து சேற்றுக்காலோடு நேரே வந்தவர்கள். மில் வாசல் தாண்டி ரோடு வரைக்கும் வரிசை நின்றது. வாசலில் நின்று ஒவ்வொருத்திக்கும் இடம் காட்டிக்கொண்டிருந்த அன்வர், பக்கத்தில் சைக்கிளோடு நின்றவரிடம், “எங்கம்மா ஏற்பாடு” என்று சொல்லிக்கொண்டான்.

முதலில் கூப்பிடப்பட்டவள் அமிர்தவல்லி. பூக்கடை வைத்திருப்பவள், கனத்த உடம்பு. மெஷின் கிட்டே வந்தவள் நின்றுவிட்டாள். பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

“நான் கடைசியில பாத்துக்கறேன் பாயம்மா. எல்லாரும் போகட்டும்.”

சிரித்தது யார் என்று ஹபீபுன்னிசா திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றினாள். மெஷினின் மேல் தானே ஏறி நின்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மோட்டார் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரலில் சொன்னாள்.

“எல்லாரும் கேளுங்க. ஹபீபுன்னிசா, வயசு அறுபத்தொண்ணு. எடை அறுபது கிலோ. உயரத்தோட கணக்குப் போட்டா இருபத்தாறு. இந்த ஒடம்பாலதான் மில்லு ஓட்டறேன், மூட்டை எறக்கறேன். இதுல ஒரு கிலோவுக்குக்கூட நான் வெக்கப்படல.”

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு கிழவி, “அப்படிச் சொல்லு பாயம்மா” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அமிர்தவல்லியும் சிரித்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மெஷினில் ஏறினாள்.

“கீழ குனிஞ்சி பாக்காத. நேரா நில்லு,” என்றாள் ஹபீபுன்னிசா. முள் நின்றதும் குனிந்து பார்த்து, டாக்டருக்குக் கேட்கும்படி எடையைச் சொன்னாள். அருளம்மாள் அமிர்தவல்லியின் கையைப் பிடித்து, சுவரில் கோடு போட்டிருந்த இடத்துக்கு அழைத்துப் போனாள்.